நான்காவது பயிற்சித்தாள்

அத்தியாயம் 6

பெயர்ப்பலகையில் இருந்த பிழையைக் கண்டதும் முற்றுப்புள்ளி நின்றுவிட்டார்.

'எங்கள் பயிற்சியில் ஒவ்வொரு மாணவர்களும் வெற்றி பெறுவது உறுதி' என்று அந்த ஆங்கிலப் பயிற்சி நிலையம் இரண்டடி உயர எழுத்துகளில் தெருவுக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. 'ஒவ்வொரு' என்று தொடங்கினால் 'மாணவரும்' என்று முடிக்க வேண்டும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். ஆங்கிலத்தில் அளவுச் சொல்லுக்கு ஏற்ப வினையை அமைக்கக் கற்றுத்தருவதாகக் கட்டணம் வாங்குகிற ஒரு மனிதர், தம் தாய்மொழியில் அதே பிழைக்கு வண்ணம் பூசி, விளக்கும் போட்டு மாட்டியிருந்தார். அந்த வழியாகப் போன படித்தவர்களில் ஒருவரும் ஏனென்று கேட்டதாகத் தெரியவில்லை.

"போர்டைத் திருத்த வரலை மேடம் நாம," என்றார் கண்டக்டர். "மாடியில அஞ்சு ஜன்னல். வாசல்ல பதினாலு சைக்கிள். அதுல ஒண்ணுக்குக் காத்து இல்ல. உள்ள போகலாமா?"

முற்றுப்புள்ளி என்பது அச்சகத்தார் வைத்த பெயர். இருபத்தேழு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராக இருந்து, பிறர் கண்ணுக்குத் தப்புவதைப் பிடிப்பதையே பழக்கமாக்கிக்கொண்ட அந்த அம்மையார், ஓய்வுக்குப் பின் அதையே துப்பறியும் தொழிலாக்கிக்கொண்டார். அவருடன் அலைகிறவர் பேருந்து நடத்துநராக இருந்தவர். ஏறியவர்களையும் இறங்கியவர்களையும் முப்பது ஆண்டுகள் எண்ணியதில், கண்ணில் படுவதை எண்ணாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டவர்.

இருவருக்கும் பின்னால் நின்ற பெண் இந்தப் பேச்சு எதையும் காதில் வாங்கவில்லை. பனிக்கட்டி போட்ட பிளாஸ்க் ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அதற்குள் இரண்டு இன்சுலின் குப்பிகள் இருந்தன. சொந்தமாக மருந்துக்கடை நடத்தும் அவர், இந்த நிலையத்தில் இலக்கணம் கற்பித்துவந்த ஆசிரியையின் தங்கை. திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வந்த அக்கா வீடு திரும்பவில்லை. மாலையில் ஒரு கடிதம் மட்டும் வந்தது. 'சனிக்கிழமைத் தேர்வு முடியும்வரை வெளியூரில் தங்கிப் பயிற்சித்தாள் தயாரிக்கிறேன். தேட வேண்டாம்.' எழுத்து அக்காவுடையதுதான். அதனாலேயே காவல் நிலையத்தில் புகாரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். இன்று வெள்ளிக்கிழமை.

"தேட வேண்டாம்னு அக்கா எழுதமாட்டா மேடம்," என்று தங்கை பத்தாவது முறையாகச் சொன்னார். "கடைக்குப் போறதா இருந்தாக்கூட, குடை எங்க வச்சேன்னு எங்களைத் தேடவிட்டுட்டுத்தான் போவா."

நிறுவனர் அவர்களை வாசலுக்கே வந்து வரவேற்றார். சட்டையில் ஒரு சுருக்கமும் இல்லை, பேச்சிலும் இல்லை.

"உங்க அக்கா எனக்கும் அக்கா மாதிரிதாங்க. யாரும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு அவங்கதான் சொல்லிட்டுப் போனாங்க. செவ்வாய்க்கிழமையிலேருந்து தினமும் காலையில கூரியர்ல ஒரு தாள் வந்துடுது. இன்னிக்கு நாலாவது. ஒரு நாள்கூடத் தவறல."

"எந்த ஊரிலேருந்து?" என்றார் முற்றுப்புள்ளி.

"கவர்ல ஊர் பேர் போடலைங்க."

"கவர் இருக்கா?"

மேசை இழுப்பறையைத் திறந்து, ஒடுக்கமான நீண்ட உறை ஒன்றை நிறுவனர் எடுத்துக் காட்டினார். காட்டிய கையோடு உள்ளே வைத்து இழுப்பறையைப் பூட்டினார். நான்கு தாள்களையும் கேட்டவுடனே கொடுத்துவிட்டார். "படி எடுத்து மாணவிகளுக்குக் கொடுத்தாச்சு. எல்லாரும் நர்ஸுங்க. வெளிநாட்டு வேலைக்கு இந்தத் தேர்வு எழுதியாகணும். நூத்தி எண்பது பேர், மூணு வகுப்பு. இந்தத் தாள் எனக்கு இனிமே எதுக்கு, நீங்களே வச்சுக்குங்க."

மாடியையும் அவரே அழைத்துச் சென்று காட்டினார். படியெடுக்கும் இயந்திரம் ஓர் அறையில் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் பழைய நூல்கள், அடுத்ததில் உடைந்த பலகைகள். நான்காவது, ஆசிரியையின் அறை. அதற்கு அப்பால் தாழ்வாரத்தின் கோடியில் காகிதக் கட்டுகள் கூரையைத் தொடும்வரை அடுக்கப்பட்டிருந்தன. கண்டக்டர் ஒவ்வோர் அறையிலும் சன்னலருகே போய் நின்று தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். தங்கை மட்டும் ஆசிரியையின் அறையை விட்டு வெளியே வரவில்லை. நாற்காலியின் முதுகில் ஒரு குடை தொங்கிக்கொண்டிருந்தது. வெளியூருக்குப் போனவரின் குடை.

"மறந்துட்டுப் போயிருப்பாங்க," என்றார் நிறுவனர்.

 தங்கை பிளாஸ்க்கின் மூடியை விரல்களால் அழுத்திக்கொண்டே படியிறங்கினார். கீழே வகுப்புக் கூடத்தில் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து நாற்காலியில் கண்டக்டரும் உட்கார்ந்தார்.

"முப்பத்தேழு," என்றார், நாற்காலி முதுகில் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்த எண்ணைத் தடவிப் பார்த்து. "நம்ம வண்டியிலகூட சீட்டுக்கு நம்பர் போட்டதில்ல. இவரு நல்லா நடத்துறாரு."

*

மருந்துக்கடையின் பின்னறையில் ஒரு மேசை, மூன்று முக்காலிகள், மாத்திரை அட்டைகள் அடைத்த அலமாரிகள். நான்கு தாள்களும் மேசையில் வரிசையாக விரிந்தன.

"இன்சுலின் இல்லாட்டி என்னம்மா ஆகும்?" என்று கேட்டார் கண்டக்டர். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது.

"முதல்ல தாகம் சார். எவ்வளவு குடிச்சாலும் அடங்காது. அப்புறம் வாந்தி. அப்புறம் தூக்கம் மாதிரி ஒண்ணு வரும். அது தூக்கம் இல்ல." தங்கையின் குரல் கடைக்கு வருகிறவரிடம் பேசுவதுபோல் ஒரே சீராக இருந்தது. "திங்கட்கிழமை அவ பையில இருந்தது மூணு நாள் மருந்து. வெளியூர்ல இருந்தா ஏதாவது ஒரு கடையில வாங்கியிருப்பா. யாராவது அடைச்சு வச்சிருந்தா?"



ஒவ்வொரு தாளிலும் இருபது ஆங்கில வாக்கியங்கள், ஆசிரியையின் கையெழுத்தில். வாக்கியத்தின் நடுவே ஒரு கோடு. ஒருமை வினையா பன்மை வினையா என்று தேர்ந்து அந்தக் கோட்டில் எழுத வேண்டும். அளவுச் சொற்கள் ஆங்கிலத்தில் பொல்லாதவை. தண்ணீரில் பெரும்பகுதி என்றால் வினை ஒருமை. புத்தகங்களில் பெரும்பகுதி என்றால் பன்மை. 'ஒவ்வொரு' என்னும் பொருளில் 'ஈச்' என்று தொடங்கிவிட்டால், பின்னால் ஊரே திரண்டு நின்றாலும் ஒருமை. இதில் தடுக்கி விழாதவர் குறைவு. விழுந்துவிட்டு, விழவேயில்லை என்று வாதாடுகிறவர்களோ மிகுதி.

"அக்கா ஏதாவது குறிப்பு வச்சிருந்தா இந்தக் கோட்டுலதான் வச்சிருப்பா," என்றார் தங்கை. சிறு வயதிலிருந்தே அக்காவிடம் இலக்கணம் படித்தவர் அவர். முற்றுப்புள்ளியும் அதையேதான் நினைத்திருந்தார். ஆளுக்கு இரண்டு தாள்களைப் பிரித்துக்கொண்டு இருவரும் கோடுகளை நிரப்பினர். பிறகு, தாளோடு இணைத்திருந்த தட்டச்சு விடைச்சீட்டுடன் ஒப்பிட்டனர்.

"இங்க பாருங்க," என்றார் தங்கை. "வியாழக்கிழமைத் தாள். நாலாவது விடையும் பதினொண்ணாவது விடையும் தப்பு. ஈச்சுக்குப் பின்னால பன்மையில ஆர் போட்டிருக்கு. அக்கா செத்தாலும்..." சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினார். "அக்கா போடமாட்டா."

"நாலு, பதினொண்ணு," என்றார் முற்றுப்புள்ளி. "அறை எண் நானூற்றுப் பதினொன்று? நாலாம் மாதம், பதினோராம் தேதி?"

"நாலாம் நம்பர் பஸ், பதினோரு மணி," என்றார் கண்டக்டர். "அது எந்த ஊருக்கும் போகாது மேடம். பாதி வழியில நின்னுடும்."

ஆனாலும் அந்த இரண்டு எண்களைக் கூட்டினார்கள், பெருக்கினார்கள். பதினொன்றாவது வாக்கியத்தின் நான்காவது சொல்லை எடுத்துப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் போயிற்று. தங்கை நடுவில் இரண்டு முறை எழுந்து பிளாஸ்க்கில் பனிக்கட்டியை மாற்றினார்.

கடைசியில் முற்றுப்புள்ளி விடைச்சீட்டைத் தள்ளிவைத்தார். "இது குறிப்பே இல்ல. கேள்வி கையெழுத்து, விடை தட்டச்சு. விடையைப் போட்டது வேற ஆள். இலக்கணம் தெரியாத ஆள்."

"அப்ப ஒண்ணுமே இல்லையா?" என்றார் தங்கை.

கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு பேரும் படிச்சவங்க. நான் ஒண்ணு கேட்டாத் திட்டக்கூடாது. வினை வினைன்னு சொல்றீங்க, சரி. அந்த அம்மா இதுல என்னதான் சொல்றாங்க?"

"பயிற்சி வாக்கியம்தானே," என்றார் முற்றுப்புள்ளி. "சும்மா எழுதுறது. அதுக்கெல்லாம் அர்த்தம் பார்க்கிறதில்ல."

"அர்த்தம் இல்லாம எப்படி மேடம் வாக்கியம்?"

முற்றுப்புள்ளி வாய் திறந்தார். சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால் மூடினார். இருபத்தேழு ஆண்டுகளில் அவரை அப்படி மூடவைத்தவர் வேறொருவர் இல்லை.

தங்கை மெல்லத் தலையை உயர்த்தினார். "அக்கா புத்தகத்துலேருந்து வாக்கியம் எடுக்கமாட்டா," என்றார். "கண்ணு முன்னால என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவா. சமையலறையில உக்காந்து எழுதினா, உப்புல பாதி தீர்ந்துபோச்சுன்னு ஒரு வாக்கியம் வரும். எங்க வீட்டுல என்ன இருக்கு, என்ன இல்லைன்னு அவகிட்டப் படிக்கிற பிள்ளைங்க எல்லாருக்கும்..."

நின்றுவிட்டார். செவ்வாய்க்கிழமைத் தாளை இழுத்து, விரலால் கீழே போய், பத்தொன்பதாவது வாக்கியத்தைத் தமிழில் படித்தார்.

"மருந்தில் பெரும்பகுதி பெட்டியில் இருக்கிறது."

புதன்கிழமை, பத்தொன்பது. "மருந்தில் பாதி தீர்ந்துவிட்டது."

வியாழக்கிழமை, பத்தொன்பது. "மருந்தில் மிகச் சிறிதளவே மீதமிருக்கிறது."

வெள்ளிக்கிழமைத் தாளை அவர் எடுக்கவில்லை. முற்றுப்புள்ளிதான் எடுத்துப் படித்தார். "மருந்தில் எதுவும் மீதமில்லை." அதற்கு இரண்டு வரிகளுக்கு மேலே, பதினேழு. "பானையில் இருந்த தண்ணீர் முழுவதும் குடிக்கப்பட்டுவிட்டது."

"தாகம்," என்றார் தங்கை. 

ஒரு மணி நேரத்துக்கு முன்பு, இதே மேசையில், இதே வாக்கியத்துக்கு அவர் கோட்டில் வினை எழுதியிருந்தார். சரியான வினை. தம் கையெழுத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேற என்ன எழுதியிருக்காங்க?" என்று கண்டக்டர் கேட்டார். அவர் குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது.

முற்றுப்புள்ளி வேகமாகப் படித்தார். செவ்வாய்: சுவர்கள் நான்கில் மூன்று ஈரமாக இருக்கின்றன. இழுப்பறையில் உள்ள வினாக்களில் எதுவும் பழையதன்று. புதன்: இங்குள்ள நாற்காலிகள் ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண் இருக்கிறது. அவற்றில் எதுவும் அறுபதுக்குக் குறைந்ததன்று. வியாழன்: சன்னலில் முக்கால் பங்கு அட்டையால் மறைக்கப்பட்டிருக்கிறது. கீழே வாசிக்கப்படும் வாக்கியங்களில் பல எனக்குக் கேட்கின்றன.

கண்டக்டர் எழுந்துவிட்டார். முக்காலி பின்னால் விழுந்தது.

"நான் உக்காந்தது முப்பத்தேழு. அந்தக் கூடத்துல ஒண்ணுலேருந்து அறுபது வரைக்கும்தான் இருக்கு. எண்ணினேன்." கைவிரல்களை விரித்துப் பார்த்தார். "வெளியிலேருந்து மாடியில அஞ்சு ஜன்னல். உள்ள ஒவ்வொரு ரூமாப் போய்ப் பார்த்தேன், நாலு. என்னமோ இடிச்சுது. கணக்குத் தப்பிடுச்சோன்னு சும்மா இருந்துட்டேன். முப்பது வருஷத்துல தப்பாத கணக்கு மேடம்."

"காகிதக் கட்டு," என்றார் முற்றுப்புள்ளி. "தாழ்வாரத்துக் கோடியில."

மூவருக்கும் ஒரே காட்சிதான் கண்முன் வந்தது. குடை தொங்கிய அறை. அதற்கு அப்பால் அடுக்கிய காகிதம். அதற்கு அப்பால் ஒரு கதவு. காலையில் அங்கே நின்று அவர்கள் பேசியிருக்கிறார்கள். நடுவே இருந்தது ஒரு சுவர்தான்.

முற்றுப்புள்ளி நான்கு தாள்களையும் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "இதை அங்கேயே பார்த்திருக்கணும். அவர் காட்டின கவர்ல மடிக்காம இந்தத் தாள் போகாது. நாலு தாள்ல ஒண்ணுலகூட மடிப்பு இல்ல. கூரியர் வரவே இல்ல. மாடிப்படி வழியா வந்திருக்கு."

"எதுக்காக இப்படி?" என்றார் தங்கை.

"இழுப்பறையில இருக்கிற வினா எதுவும் பழசு இல்லைன்னு எழுதியிருக்காங்க. நாளைக்கு வரப்போற வினாத்தாளா இருக்கணும். ஒவ்வொருத்தருக்கும் வெற்றி உறுதின்னு போர்டு போட்டா, அதுக்கு வேற வழி என்ன இருக்கு? உங்க அக்கா கண்ணுல அது பட்டிருக்கு. தாள் நின்னா மாணவிகள் கேப்பாங்க, நீங்க கேப்பீங்க. அதனால எழுதவச்சிருக்கான். எழுதினதை அவன் படிக்கலை. கோட்டுல என்ன வரும்னு மட்டும்தான் பார்த்திருக்கான். நம்மளைப் போலவே."

அதுவரை 'அவர்' என்று சொல்லிவந்த முற்றுப்புள்ளி 'அவன்' என்றது அப்போதுதான்.

"நாளைக்குக் காலையில தேர்வு முடிஞ்சுடும்," என்றார் கண்டக்டர். "அதுக்கப்புறம் அவனுக்குத் தாள் வேண்டியதில்லையே."

 தங்கை பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே கடை வாசலில் நின்றார்.

*

காவல் நிலையத்தில், ஆள் வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். தங்கை அரை நிமிடமும் நிற்கவில்லை.

"நாம மூணு பேரு மட்டும் மாடிக்குப் போனா அவன் வழியை மறிப்பான், இல்ல முன்னாடி ஓடி உள்ள தாழ் போட்டுப்பான்," என்று நடந்துகொண்டே சொன்னார் முற்றுப்புள்ளி. "அவனால ஒண்ணும் செய்ய முடியாத கூட்டம் வேணும். அந்தக் கூட்டம் கீழேயே உக்காந்திருக்கு."

நண்பகல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. செவிலியர்கள் வெள்ளிக்கிழமைத் தாளின் மீது குனிந்திருந்தனர். நிறுவனர் மேடையில், கையில் விடைச்சீட்டுடன் நின்றார். மூவரையும் வாசலில் கண்டதும் அவருடைய புன்னகை ஒரு கணம் தாமதித்து வந்தது.

"அம்பத்தெட்டு பேர்," என்று கண்டக்டர் காதோரம் சொன்னார்.

"மன்னிக்கணும் சார்," என்றார் முற்றுப்புள்ளி, கூடம் முழுவதற்கும் கேட்கும்படி. "இந்தத் தாள்ல ஒரு சந்தேகம். உங்க மாணவிகள்கிட்டயே கேட்டுக்கலாமா?"

ஐம்பத்தெட்டுப் பேருக்கு முன்னால் அவர் எப்படி மறுப்பார்? விடைச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பத்தொன்பதாவது வாக்கியம். யார் சொல்றீங்க?"

கைகள் பல உயர்ந்தன. "இஸ், மேடம்," என்றது ஒரு குரல். "சில பேரு ஆர்னு போட்டிருக்காங்க, ஆனா மருந்தை எண்ண முடியாதுல்ல," என்றது இன்னொன்று. பின்வரிசையில் ஒரு வாக்குவாதம் தொடங்கியது.

"வினை சரி," என்றார் முற்றுப்புள்ளி. "அர்த்தம் என்ன?"

 அப்படி ஒரு வினாவை அவர்களிடம் அங்கே யாரும் கேட்டதில்லை. முன்வரிசையில் இருந்த மூத்த செவிலியர் ஒருவர் எழுந்தார். மருத்துவமனைச் சீருடையோடு நேரே வேலையிலிருந்து வந்திருந்தார்.

"மருந்து எதுவும் மீதமில்ல மேடம்."

"பதினேழு?"

"பானையில இருந்த தண்ணி பூரா குடிச்சாச்சு." அவருடைய விரல் தாளின்மேல் நின்றது. உதடுகள் ஓசையில்லாமல் அதையே இன்னொரு முறை படித்தன. முந்தைய நாள் தாளைப் புரட்டினார். அதற்கு முந்தைய நாள் தாளையும். அவர் தலையை உயர்த்தியபோது மாணவிக்குரிய முகம் போய்விட்டிருந்தது. "இது சுகர் பேஷன்ட். யாரு இது?"

"எங்க அக்கா," என்றார் தங்கை. "உங்க டீச்சர். நேத்துச் சாயந்தரத்துலேருந்து இன்சுலின் இல்ல." பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் பனிக்கட்டி கடகடவென்று ஆடியது.

"புதன்கிழமைத் தாள்ல நாற்காலியைப் பத்திப் படிங்கம்மா," என்றார் கண்டக்டர். "படிச்சிட்டு, நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியைத் திரும்பிப் பாருங்க."

தாள்கள் புரண்டன. ஐம்பத்தெட்டுப் பெண்களும் ஒவ்வொருவராகத் திரும்பித் தம் நாற்காலியின் முதுகைப் பார்த்தனர். பிறகு, யாரும் சொல்லாமலே, எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தனர்.

ஒரு தட்டல் கேட்கும் என்று காத்திருந்தார்கள். மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள். மேலேயிருந்து எந்த ஒலியும் வரவில்லை.

"பயிற்சி வாக்கியம்மா அது," என்றார் நிறுவனர்.  "சும்மா எழுதுறது. அதுக்கெல்லாம் அர்த்தம் பார்க்கக்கூடாது."

ஒரு மணி நேரத்துக்கு முன்பு தாம் சொன்ன அதே சொற்கள். முற்றுப்புள்ளி தலையைக் குனிந்துகொண்டார்.

நாற்காலிகள் ஒரே ஓசையாகப் பின்னே நகர்ந்தன.

மாடித் தாழ்வாரத்தில் காகிதக் கட்டுகள் கைமாறிக் கைமாறிப் படிகளின் வழியே கீழே வந்தன. நோயாளியைக் கட்டில் மாற்றுகிற கைகள் அவை; ஒரு கட்டும் கீழே விழவில்லை. கடைசி வரிசை நகர்ந்ததும் ஒரு கதவும், அதில் புதிய பூட்டும் தெரிந்தன. தங்கை கதவைத் தட்டினார். "அக்கா. அக்கா, நான்தான்." மறுமொழி இல்லை. மீண்டும் தட்டினார். கதவுக்கடியில் குனிந்து கூப்பிட்டார். அதற்கும் இல்லை.

மூத்த செவிலியர் திரும்பி, படியருகே ஒதுங்கி நின்ற நிறுவனரிடம் உள்ளங்கையை நீட்டினார்.

"சாவி."

அந்த ஒரு சொல்லுக்கு நிறுவனர் பணிந்தார்.

முதலில் வெளியே வந்தது ஒரு வாடை. பழம் அழுகினாற்போன்ற இனிப்பு வாடை. கண்டக்டருக்கு அது விளங்கவில்லை. இன்சுலின் இல்லாத உடலின் மூச்சு அது என்று செவிலியர்களுக்கு விளங்கிற்று, இருவர் அவரை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தனர். எழுபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட எண்கள் எழுதிய நாற்காலிகளுக்கு நடுவே, சுவரில் சாய்ந்தபடி ஆசிரியை உட்கார்ந்திருந்தார். உதடுகள் வெடித்திருந்தன. மூச்சு ஆழமாக, ஓடி வந்தவருடையதைப் போல இருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தாலும் எதையும் பார்க்கவில்லை.

தங்கை குப்பியை எடுத்தார். ஊசியை அதற்குள் செலுத்த முடியவில்லை. வாழ்நாளெல்லாம் மருந்தோடு பழகிய கை, இருமுறை தவறியது. மூத்த செவிலியர் அவர் விரல்களிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டார். "அளவை மட்டும் சொல்லுங்க." தங்கை சொன்னார். ஒருவர் நாடி பிடித்தார், ஒருவர் ஆம்புலன்சுக்குப் பேசினார், ஒருவர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டார். முற்றுப்புள்ளி கீழே ஓடி, காவலர் வரும்வரை பூட்டிய இழுப்பறையின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நிறுவனரின் பார்வை அதைவிட்டு அகலாததை அவர் கவனித்திருந்தார்.

இருபது நிமிடங்களுக்குப் பிறகு ஆசிரியையைப் படுக்கையில் வைத்துத் தூக்கிவந்தனர். படிகளில் இரு மருங்கிலும் செவிலியர்கள் நின்றனர். கடைசிப் படியில் படுக்கையிலிருந்து ஒரு கை அசைந்தது. தூக்கியவர்கள் நின்றார்கள்.

தங்கை குனிந்தார். "பேசாத அக்கா. எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லலாம்."

"சத்தம் போட்டா உன்னைத் தொட்டுடுவேன்னான்," என்றார் ஆசிரியை. குரல் காகிதம் உரசுவதுபோல் இருந்தது. "அதான் எழுதினேன்." சற்று மூச்சு வாங்கினார். "எத்தனை பேர் போட்டாங்க?"

மூத்த செவிலியர்தான் விடை சொன்னார். "நூத்தி எண்பது பேரும் போட்டோம் மேடம்."

"சரியாவா?"

"நிறைய பேர் சரியாத்தான் போட்டோம்."

"படிச்சது?"

அந்த வினாவுக்கு ஒருவராலும் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை. தங்கை கண்டக்டரைச் சுட்டினார். "ஒருத்தர்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க மேடம்," என்றார் கண்டக்டர், தவறு செய்தவரைப் போல. "அதான் என்ன சொல்றாங்கன்னு கேட்டேன்."

ஆசிரியை அவரை நெடுநேரம் பார்த்தார். வெடித்த உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது.

"அவரைத் தவிர," என்றார், "மத்த எல்லாரும் அந்த நாலு தாளையும் திரும்ப எழுதணும். வினை வேண்டாம். அர்த்தம்."

படுக்கை வாசலைக் கடந்தது. வண்டிக் கதவு சாத்தப்பட்டு, ஒலி தெருவின் கோடியில் தேய்ந்தது. கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. செவிலியர்கள் ஒவ்வொருவராகத் தம் எண்ணுள்ள நாற்காலியில் வந்து அமர்ந்து, செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்து விரித்தனர்.

காவலரிடம் நிறுவனரையும் இழுப்பறையையும் ஒப்படைத்துவிட்டு வந்த முற்றுப்புள்ளி, ஆளில்லாமல் கிடந்த ஐம்பத்தொன்பதாம் நாற்காலியில் உட்கார்ந்து, பைக்குள் பேனாவைத் தேடத் தொடங்கினார்.